நாற்பத்தாறு நாழிகை வழி

முதல் நாள், திங்கள் – திருச்சி

டிக்கெட் வந்த அன்றே வீட்டில் வழக்கு ஆரம்பித்துவிட்டது. மகள் நியூயார்க்கிலிருந்து அனுப்பியதை அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்தேன். மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாக விரலால் தடவிப் படித்தாள். சிங்கப்பூரில் செவ்வாய் இரவு 11.35-க்குப் புறப்பாடு. நியூயார்க்கில் புதன் காலை 5.59-க்கு வருகை.

“ஆறரை மணி நேரம்தானே? இங்கிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகிற நேரம். இதற்கா முழங்கால் தாங்குமா, முதுகு தாங்குமா என்று ஒரு மாதமாகப் பயமுறுத்தினீர்கள்?”

அடுத்த தாளைத் திருப்பியதும் முகம் மாறியது. திரும்பும்போது நியூயார்க்கில் சனி இரவு 10.30, சிங்கப்பூரில் திங்கள் காலை 5.10. விரல்விட்டு எண்ணினாள். முப்பது மணி நாற்பது நிமிடம்.

“போவதற்கு ஆறரை, வருவதற்கு முப்பதா? என்னங்க, இது வேறு ஏதோ மட்டமான விமானம். மகளிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள்.”

நான் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் சங்கிலி இழுத்தவன். 66 அடிச் சங்கிலி, 100 லிங்க். வேலைக்குச் சேர்ந்த வாரத்தில் என் மேலதிகாரி சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: சந்தேகம் வந்தால் போகும்போது ஒரு முறை அள, வரும்போது ஒரு முறை அள, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கு. ஒரு பக்கம் கூடிய பிழை மறுபக்கம் குறைந்து தானே அடிபட்டுப் போகும். அதையே இந்த டிக்கெட்டுக்கும் செய்தேன். 6 மணி 24 நிமிடமும் 30 மணி 40 நிமிடமும் சேர்ந்தால் 37 மணி 4 நிமிடம். அதில் பாதி 18 மணி 32 நிமிடம். இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாமலேயே பறக்கும் நேரத்தைப் பிடித்துவிடலாம். செப்டம்பரில் அந்த வித்தியாசம் சரியாகப் பன்னிரண்டு மணி. அதைக் கூட்டிக் கழித்தால் போக 18 மணி 24 நிமிடம், வர 18 மணி 40 நிமிடம்.

அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்படியானால் எத்தனை வேளைக்குக் கட்டிக்கொள்ள வேண்டும்?” என்றாள். எங்கள் வீட்டில் தூரத்துக்கு அதுதான் அளவு. சென்னை ஒரு வேளை, காசி ஆறேழு வேளை. விமானத்திலேயே போடுவார்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. மிளகாய்ப்பொடி தடவிய இட்லி இருபது, வாழையிலையில் சுருட்டி, பையில் ஏறிவிட்டது. கூடவே ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் போடுகிற தைராய்டு மாத்திரை. நாளைக் காலை சிங்கப்பூரில் தொடங்கி, திரும்பி வரும் திங்கட்கிழமை வரை பதினான்கு காலை, பதினான்கு மாத்திரை. என் கண்முன்னால் எண்ணிப் போட்டாள்.

புதிய முனையத்தின் கூரையடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விமானம் ஏற இன்னும் நாற்பது நிமிடம் இருக்கிறது.

இரண்டாம் நாள், செவ்வாய் – சிங்கப்பூர்

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கிலோமீட்டர். நான்கு மணி நேரம். என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலில் ஏறி, பினாங்கைத் தொட்டு இதே ஊரில் வந்து இறங்கினார். 1926-ல் ஓடத் தொடங்கிய கப்பல் அது. இரண்டு தலைமுறைத் தமிழர்களைச் சுமந்தது. ஒரு வாரத்துக்கு மேல் கடல் என்று சொல்வார். எத்தனை மைல் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

பகல் முழுவதும் சிராங்கூன் சாலையில் சுற்றினோம். வீரமாகாளியம்மன் கோயில், பிறகு ஒரு கடையில் வாழையிலைச் சாப்பாடு. வெயில் நம் ஊர் வெயில்தான், வியர்வை மட்டும் இரண்டு மடங்கு. இட்லிப் பொட்டலத்தில் பாதியை உறவுக்காரப் பையன் ஒருவன் வந்து காலி செய்தான்.

மாலை விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது காகிதக் கைக்குட்டை ஒன்றின் மேல் கணக்குப் போட்டேன். தீர்க்கரேகைக் கணக்கில் சிங்கப்பூர் கிழக்கே 104 பாகை (டிகிரி), நியூயார்க் மேற்கே 74 பாகை. கூட்டினால் 178. கிட்டத்தட்ட 180. அப்படியென்றால் ஒன்று பூமிக்கு இந்தப் பக்கம், இன்னொன்று நேர் முதுகுப் பக்கம். இரண்டுக்கும் நடுவே மிகக் குறுகிய வழி வட துருவத்தின் உச்சந்தலை மேலேயே போகிறது! கணக்கு இதனால் சுலபமாகிவிடுகிறது. சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை ஏற வேண்டும், துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு 49.4 பாகை இறங்க வேண்டும். ஆக 138 பாகை. பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்றால் 15,346. அச்சடித்த அட்டவணைகளில் இருப்பது 15,349. மூன்று கிலோமீட்டரை விட்டுவிடுங்கள், கைக்குட்டைக் கணக்குக்கு அது போதும்.

அந்த 111-க்குப் பின்னால் எங்கள் தொழிலின் கதை இருக்கிறது. ஒரு பாகைக்கு நிலத்தில் எவ்வளவு நீளம் என்று கண்டுபிடிப்பதும், இந்தியாவை அளக்கத் தொடங்கிய ஆங்கிலேய சர்வேயர் லாம்டனின் நோக்கங்களில் ஒன்று. அதற்காக 1802-ல் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான நேர்கோட்டை, சங்கிலி வைத்து அளந்தார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தெற்கே வந்தார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில், கோணம் அளக்கும் தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சேதமானது. அரை டன் எடையுள்ள கருவி! அதை அவர் உட்கார்ந்து தானே செப்பனிட்டார். பெரிய கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நான் அண்ணாந்து பார்ப்பது அந்தக் கயிற்றை நினைத்துத்தான். சாமி மன்னிக்க வேண்டும்.

உலகில் எந்த இரண்டு ஊருக்கும் நடுவே இருக்கக்கூடிய அதிகபட்சத் தூரம் சுமார் 20,000 கிலோமீட்டர், பூமியின் சுற்றளவில் பாதி. அதில் முக்கால் பங்குக்கு மேல் இன்றிரவு ஒரே மூச்சில் போகப் போகிறோம்.

மூன்றாம் நாள், புதன் – வானத்தில்

இதைத் துண்டு துண்டாக நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துப் பிறகு ஏற்றுகிறேன்.

சக்கரம் தரையை விட்டபோது மணி 11.58. டிக்கெட்டில் உள்ள 11.35 என்பது விமானம் வாசலை விட்டு நகரும் நேரம். இறங்கிய பிறகும் வாசலுக்குப் போய் நிற்கும் வரை கணக்கில் சேர்த்துத்தான் அட்டவணை போடுகிறார்கள். தரையில் ஊர்வதும் வரிசையில் நிற்பதும் அந்த 18 மணி 24 நிமிடத்துக்குள் அடக்கம். எங்கள் ஊர் பஸ் அட்டவணைக்கு இந்த நேர்மை கிடையாது.

விமானம் ஏர்பஸ் ஏ350-900, நெடுந்தூரத்துக்கென்றே மாற்றியமைத்த வகை. 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். இருக்கை 161 மட்டுமே, சாதாரண வகுப்பே கிடையாது. ஆளைக் குறைத்து எண்ணெயைச் சுமக்கிறார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004 முதல் 2013 வரை பக்கத்து ஊரான நியூவார்க்குக்கு நான்கு எஞ்சின் விமானத்தை நேரடியாக ஓட்டியது. எரிபொருள் செலவு தாங்காமல் நிறுத்தியது. 2018 அக்டோபரில் இந்த இரண்டு எஞ்சின் விமானத்தோடு மறுபடி தொடங்கியது. 2020 நவம்பரிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே நிலையத்துக்கும் பறக்கிறது. இப்போதைக்கு எங்கும் இறங்காமல் பறக்கும் பயணிகள் விமானச் சேவைகளில் உலகிலேயே நீளமானது இதுதான்.

முன்னிருக்கைத் திரையில் வரைபடத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். வடக்கே துருவத்துக்குப் போக வேண்டிய விமானம் தென்சீனக் கடல், பிலிப்பைன்ஸ் என்று வடகிழக்கே சாய்ந்துகொண்டே போயிற்று. கைக்குட்டைக் கணக்கைப் பைலட் மதிக்கவில்லை. காரணம் காற்று. ஜப்பானை ஒட்டி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓர் ஆறு ஓடுகிறது. 1920-களில் ஓய்ஷி வசாபுரோ என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர் ததேனோ என்ற ஊரிலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு அதைக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று அறிக்கையை, உலகப் பொதுமொழியாக இருக்கட்டும் என்று உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியில் எழுதினார். பாவம், அதனாலேயே உலகத்தில் யாரும் படிக்கவில்லை.

அந்த ஆற்றில் இறங்கிவிட்டால் தூரம் கூடினாலும் நேரம் குறையும். இந்தச் சேவையை மீண்டும் தொடங்கியபோது நிறுவனம் சொன்ன பாதை நீளம் சுமார் 16,700 கிலோமீட்டர். குறுக்கு வழியைவிட ஆயிரத்து முந்நூறுக்கு மேல் அதிகம். திரையில் தரைவேகம் 900-லிருந்து 960, 1,010, 1,050 என்று ஏறியதைக் கண்ணால் பார்த்தேன். எஞ்சின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆடி மாதக் காவிரியில் பரிசலை விட்டவன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானே, அந்த மாதிரி.

ஏர் இந்தியா 2016-ல் தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கமிருந்து பசிபிக் பக்கம் திருப்பியதும் இதே கணக்கில்தான். பாதை 13,900 கிலோமீட்டரிலிருந்து 15,300 ஆனது, நேரமோ இரண்டு மணி நேரம் குறைந்தது. ஒரு புலத்தை அளந்துவிட்டு “தூரம் அதிகம், ஆனால் கிட்டத்தில் இருக்கிறது” என்று நான் புலப்படத்தில் எழுதியிருந்தால் தாசில்தார் என்னை இடைநீக்கம் செய்திருப்பார்.

புறப்பட்டு நாலரை மணி நேரத்தில் விடிந்தது. மனைவி எழுந்து, டப்பாவைத் திறந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். கீழே பசிபிக், ஈயத் தகடு மாதிரி. பணிப்பெண் வந்து ஜன்னல் திரையை இறக்கச் சொன்னார். எல்லோரும் தூங்க வேண்டுமாம். வெளியே பட்டப்பகல், உள்ளே நடுநிசி. நான் திரையை இரண்டு விரல் உயரத்துக்கு மட்டும் விட்டுவைத்தேன்.

நடுக்கடலில் தேதிக்கோட்டைத் தாண்டினோம். புதன்கிழமை நண்பகல் சட்டென்று செவ்வாய்க்கிழமை நண்பகல் ஆனது. ஒரு குலுக்கல்கூட இல்லை. ஏழே மணி நேரத்தில் பகல் முடிந்து, அலாஸ்காவுக்குத் தெற்கே எங்கேயோ செவ்வாய்க்கிழமை மாலை இருட்டியது. ஏற்கெனவே ஒரு முறை சிராங்கூன் சாலையில் இருட்டிய அதே செவ்வாய்.

உட்கார்ந்து உட்கார்ந்து கணுக்கால் வீங்கிவிட்டது. பின்கோடிக்கும் முன்திரைக்கும் நடந்தேன். மொத்தம் நான்கு பைலட்டுகள், முறை வைத்துத் தூங்கி ஓட்டுகிறார்கள். சாப்பாடு இரண்டு வேளை, நடுவில் ஒரு பலகாரம். மனைவி மிச்சமிருந்த இட்லியைப் பிரித்ததும் நான்கு வரிசைக்கு நல்லெண்ணெய் வாசம் போனது. பக்கத்துச் சீனப் பெரியவர் எட்டிப் பார்த்தார். ஒன்று கொடுத்தாள். மிளகாய்ப்பொடியில் கண்ணீர் விட்டுக்கொண்டே இரண்டாவதையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

தரை தொட்டபோது மணி 5.38. பறந்தது 17 மணி 40 நிமிடம். கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம் என்று திருகைப் பிடித்தேன், வேலையே இல்லை. சிங்கப்பூரில் மாலை 5.38, இங்கே அதிகாலை 5.38. முள் இரண்டும் சரியான இடத்தில்தான் நிற்கின்றன. உலகத்தின் முதுகுப் பக்கத்துக்கு வந்தும் கடிகாரத்துக்கு விஷயமே தெரியவில்லை.

மூன்றாம் நாள், மறுபடியும் புதன் – நியூயார்க்

குடியேற்ற வரிசையில் ஒன்றேகால் மணி நேரம். வெளியே வந்தபோது விடிந்திருந்தது. மகள் காரில், மனைவி டப்பாவைத் திறந்து மாத்திரை போட்டுக்கொண்டாள். பகலெல்லாம் தூக்கம், இரவு மூன்று மணிக்குப் பசி.

ஐந்தாம் நாள், வெள்ளி – குயின்ஸ்

மகளின் அலுவலகம் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். “நாற்பது நிமிடம் அப்பா” என்றாள். எத்தனை மைல் என்றால் தெரியாது என்கிறாள். மருமகனுக்கும் தெரியவில்லை. இந்த ஊரில் யாரும் மைலில் பதில் சொல்வதில்லை.

யோசித்துப் பார்த்தால் நம் முன்னோரும் அப்படித்தான். “கூப்பிடு தூரம்” என்றோம். “நாழிகை வழி” என்றே ஓர் அளவு வைத்திருந்தோம், ஒரு நாழிகையில் நடந்து கடக்கிற தூரம். ஒரு நாழிகை 24 நிமிடம். டிக்கெட்டில் இருந்த 18 மணி 24 நிமிடத்தை வகுத்துப் பார்த்தேன். மீதியே இல்லாமல் நாற்பத்தாறு நாழிகை. அத்தனை வருடம் சங்கிலி இழுத்தவனுக்கு ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஏழாம் நாள், ஞாயிறு

ஃபிளஷிங் பிள்ளையார் கோயில். 1977-ல் குடமுழுக்கு நடந்தது. கீழ்த்தளத்து உணவகத்தில் தோசை நன்றாக இருந்தது. சட்னி சுமார்.

பத்தாம் நாள், புதன் – மன்ஹாட்டன்

என் ஆசைக்காக ஒரு நாள். மன்ஹாட்டனின் தெருக்கள் சதுரங்கப் பலகை மாதிரி இருப்பதற்கு 1811-ல் போட்ட திட்டம் காரணம். அதை நிலத்தில் அளந்து குறித்தவர் ஜான் ராண்டல் என்ற சர்வேயர். காடும் பாறையும் தோட்டமுமாக இருந்த தீவில் ஒவ்வொரு தெருமுனைக்கும் பளிங்குக் கல் நட்டார், பாறை வந்த இடத்தில் இரும்பு ஆணி அடித்தார். தோட்டக்காரர்கள் அவரை நாயை ஏவி விரட்டினார்கள், காய்கறியால் அடித்தார்கள் என்று கதை உண்டு. நாயைப் பொறுத்தவரை நான் சாட்சி சொல்லத் தயார், மணப்பாறைப் பக்கம் இரண்டு முறை கடி வாங்கியவன்.

அந்த ஆணிகளில் ஒன்று இன்னும் சென்ட்ரல் பார்க்கின் பாறை ஒன்றில் நிற்கிறது. மூன்று மணி நேரம் தேடினோம். கிடைக்கவில்லை. மருமகன் பொறுமைசாலி. மகள் இல்லை.

இங்கே இருபது தெரு சேர்ந்தால் ஒரு மைல். நடந்து சரிபார்த்தேன், அளவு நிற்கிறது.

பதின்மூன்றாம் நாள், சனி – புறப்பாடு

மகள் விமான நிலையத்தில் அழுதாள். மனைவி அழவில்லை. “முப்பது மணி நேரம் போக வேண்டும், நேரமாகிறது” என்று அவசரப்படுத்தினாள். அந்தக் கணக்கை இன்னும் விடவில்லை.

பதினான்காம் நாள், ஞாயிறு – வானத்தில்

வந்த வழியே திரும்புவோம் என்று நினைத்திருந்தேன். விமானம் மேற்கே திரும்பவே இல்லை. அட்லாண்டிக் மேல் நேராகக் கிழக்கே ஓடியது. போனதும் கிழக்கே, வருவதும் கிழக்கே! இரண்டு ஊரும் பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால் எந்தப் பக்கம் போனாலும் ஏறக்குறைய அதே தூரம். அப்புறம் எதற்கு எதிர்க்காற்றில் போவானேன்? லண்டன்–நியூயார்க் போன்ற வழிகளுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே நியூயார்க் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும், வரும்போது முதுகில் தள்ளும். 2020 பிப்ரவரியில் ஒரு புயல் நாளில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு விமானம் 4 மணி 56 நிமிடத்தில் போய்விட்டது. வழக்கமாக ஆறரை ஏழு மணி நேரம் ஆகும்.

அட்லாண்டிக் மேல் விடிந்தது, மாத்திரை. ஐரோப்பா முழுவதும் மேகம். துருக்கி, காஸ்பியன் கடல். அங்கேயே இருட்டிவிட்டது.

மனைவியிடம் சொன்னேன், உலகத்தை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றுகிறோம் என்று. கண்ணை மூடிக் கும்பிட்டவள் சட்டென்று திறந்தாள். “வலமாகத்தானே?”

இந்தக் கேள்வியை எந்தப் பொறியாளரும் கேட்டிருக்கமாட்டார். யோசித்தேன். கிழக்கே போகிறவனுக்கு வட துருவம் இடக்கைப் பக்கம் இருக்கிறது. இடமாகத்தான் சுற்றியிருக்கிறோம். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, “தென் துருவம் வலக்கைப் பக்கம். அதைச் சாமியாக வைத்துக்கொள்” என்றேன். ஏற்றுக்கொண்டாள், முழு மனதோடு இல்லை.

இரவு பதினோரு மணி வாக்கில், நம் ஊர் நேரத்தில் சொல்கிறேன், திரையில் நாக்பூர் வந்தது. பிறகு விசாகப்பட்டினம் ஓரமாகக் கடலுக்குள் இறங்கினோம். அங்கிருந்து திருச்சி ஆயிரம் கிலோமீட்டருக்குள்தான். ஒன்றேகால் மணி நேரம் தெற்கே திரும்பினால் வீடு. பக்கத்து வீட்டுக்காரர் இந்நேரம் வாசல் விளக்கை அணைத்திருப்பார். நாங்களோ வாசலைத் தாண்டி, சிங்கப்பூர்வரை போய், அங்கிருந்து நான்கு மணி நேரம் திரும்பி வர வேண்டும். “இங்கேயே இறக்கிவிடச் சொல்ல முடியாதா?” என்றாள். மணிகண்டத்தைத் தாண்டும்போது பஸ் நடத்துநரிடம் கேட்கிற அதே குரல்.

சக்கரம் தரை தொடும் வரை 17 மணி 51 நிமிடம். போனதற்கும் வந்ததற்கும் பதினோரு நிமிடம்தான் வித்தியாசம்.

பதினைந்தாம் நாள், திங்கள் – சிங்கப்பூர் விமான நிலையம்

திருச்சி விமானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே வெளுத்து வருகிறது. மனைவி தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு, பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். குலுக்கினாள். சத்தமில்லை. மூடியைத் திறந்து கவிழ்த்தாள்.

“பதினான்கு எண்ணித்தான் போட்டேன். நீங்களும் பார்த்தீர்கள். திங்கட்கிழமை மாத்திரை எங்கே?”

பையைக் கொட்டினாள். சேலை மடிப்பு, பர்ஸ், மகள் கொடுத்த பாதாம் பொட்டலம், எல்லாவற்றையும் உதறிப் பார்த்தாள். பக்கத்து இருக்கையில் இருந்த பெண் எழுந்து தள்ளிப் போய் உட்கார்ந்தார். கடைசியில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள், தலைவலி மாத்திரை என்று நினைத்து நான் எடுத்துப் போட்டுக்கொண்டேனாம்.

நானும் திகைத்துப் போய்த்தான் இருந்தேன். பிறகு இந்த நோட்டுப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன். பசிபிக் மேல் விடிந்தபோது ஒன்று. மகள் காரில் ஒன்று. இரண்டும் ஒரே தேதி. கிழக்கேயே போய் உலகைச் சுற்றியவர்களுக்கு, ஊரில் இருந்தவர்களைவிட ஒரு சூரியன் அதிகமாக உதித்துவிட்டது.

நாட்காட்டியைக் காட்டிச் சொன்னேன். காலிடப்பாவைக் கையில் உருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் ஓடுபாதையைப் பார்த்தாள்.

“ஓ, அந்தப் புதன்கிழமையா” என்றாள். பிறகு, “வீட்டுக்குப் போனதும் இன்றையதைப் போட்டுக்கொள்கிறேன். நான்கு மணி நேரம்தானே?”